மொன்றியலில் ஒன்று குறைகிறது

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த அளவைகளுள் தலைசிறந்தது, ஒரு மனிதனை மல்லாக்கப் படுக்கவைத்து அளப்பதுதான். நிற்பவன் நிமிர்ந்து காட்டி ஏமாற்றுவான். நடப்பவன் நடிப்பான். பேசுபவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படுத்துக் கிடப்பவன் மட்டுமே உண்மையானவன். இந்தப் பேருண்மையின்மீதுதான் வடமுனைத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் ஆள்தெரிவு முறையை எழுப்பியிருந்தது. அந்தக் கூட்டமைப்பின் மொன்றியல் வலிமைப் பரிசோதனை நிலையத்தில், கலாநிதி குணசீலன் ஒரு சின்னஞ்சிறு சிக்கலோடு நான்கு ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சிக்கல் இதுதான்: ஒன்று காணவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கனடாவில் கால்பந்து என்பது கையால் ஆடுவது. பந்தும் உருண்டையாக இராது. இந்த இரண்டையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்பவர்களுக்கு இனிச் சொல்லப்போவது எதுவும் வியப்பாக இராது. ஒவ்வொரு வசந்தத்திலும், பல்கலைக்கழக அணிகளில் ஆடி முடித்த இளைஞர்களைத் தொழில்முறைக் கழகங்கள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும். அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். பொறுக்குமுன் அளக்க வேண்டாமா? அளப்பார்கள். உயரம், எடை, கையின் நீளம், விரித்த உள்ளங்கையின் அகலம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான் என்பது எல்லாம். 'அவன் ஆடுவதையும் பார்ப்பீர்களா?' என்று கேட்கும் அப்பாவிகள் உண்டு. ஆட்டத்தில் எதிரணியும் ஆடித் தொலைப்பதால் அதைத் 'தூய தரவு' என்று கொள்ள முடியாது என்பது கூட்டமைப்பின் நிலைப்பாடு.

அளவைகளுக்கெல்லாம் அரசன் 'பெஞ்ச் பிரெஸ்'. இளைஞன் ஓர் ஒடுக்கமான பெஞ்சில், அதாவது வாங்கில், மல்லாந்து படுப்பான். இருநூற்று இருபத்தைந்து இறாத்தல் (ஏறத்தாழ நூறு கிலோ) எடையுள்ள இரும்புத் தண்டை நெஞ்சுவரை இறக்கி, முழங்கை நிமிரும்வரை மேலே தள்ளுவான். அது ஒரு தூக்கல். இளைப்பாறாமல் எத்தனை தூக்குகிறான் என்பதே அவனுடைய வலிமை. மைதானத்தில் ஒருவன் மல்லாந்து கிடந்தால் அவன் ஏற்கெனவே விழுத்தப்பட்டுவிட்டான் என்று பொருள். ஆகவே இந்தப் பரிசோதனை, தோற்றுப்போன பிறகு அவன் எவ்வளவு சிறப்பாக இருப்பான் என்பதைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். வரிசையில் நின்று மோதுகிற பெரிய ஆட்கள் இருபது தூக்கினால்தான் கழகங்கள் கூடும் தெரிவு நாளுக்கு அழைப்பு வரும். பத்தொன்பது தூக்கியவன் வீட்டுக்குப் போகலாம்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். தன் உடற்பயிற்சிக் கூடத்தில் இருபத்தைந்து தூக்குகிற பையன் மொன்றியல் நிலையத்தில் இருபத்துநான்கு தூக்கினான். பன்னிரண்டு தூக்குகிறவன் பதினொன்று. ஒருமுறை, காய்ச்சலோடு வந்த ஒருவன் ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டு விழுந்தான். அவனுடைய வலிமை பூச்சியம் என்று அறிவிக்கப்பட்டது. ரொறன்ரோவில் இப்படி இல்லை. எட்மன்டனில் இல்லை. மொன்றியலில் மட்டும், ஆறு ஆண்டுகளாக, எல்லோருக்கும் ஒன்று குறைந்தது. ஐந்து சதவீதம் குறைந்திருந்தால் அது அறிவியல். ஒன்றே ஒன்று குறைந்தால் அது மர்மம்.

மர்மத்தை ஆராய ஒரு பிரிவு வேண்டும் அல்லவா? 'மொன்றியல் ஒன்றுக்குறை ஆய்வுப் பிரிவு' பிறந்தது. சென்னையில் படித்து, மனித உடலின் இயக்கம் பற்றி மொன்றியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற குணசீலன் அதன் தலைவரானார். அவருக்குக் கீழே பதினொரு பேர். அந்தப் பதினொருவரும் ஓய்வு ஒழிச்சலின்றி உழைத்தார்கள். இந்த ஊர் வீடுகளின் மாடிப்படிகள் வெளியே இருப்பதால், பிள்ளைகளின் பலம் எல்லாம் காலுக்கு இறங்கி, கை நலிந்துபோகிறது என்று ஒருவர் கண்டார். எடையை இறாத்தலில் தூக்கிக்கொண்டு கிலோவில் நினைப்பதால் மனம் களைக்கிறது என்று இன்னொருவர் நிறுவினார். சாலை வேலைக்காகத் தெருவெங்கும் நிற்கும் செம்மஞ்சள் கூம்புகளைச் சுற்றிச் சுற்றிப் போய் இந்நகரத்து இளைஞர்களுக்கு நேராகத் தள்ளும் பழக்கமே அற்றுப்போய்விட்டது என்பது மூன்றாமவரின் முடிவு. மூன்றும் மாநாடுகளில் கைதட்டல் பெற்றன.

ஆனால் குணசீலனின் பெயர் நிலைக்கப்போவது படகுப் பரிசோதனையால்தான். போன கோடையில் அவர் ஒரு வாங்கையும் தண்டையும் நான்கு பையன்களையும் இல்-பிசார் தீவுக்குக் கொண்டுபோனார். அமைதியான தீவு. நகரத்தின் தாக்கம் இல்லை, பேருந்துகூட எப்போதாவதுதான் வரும். அங்கும் ஒன்று குறைந்தது. உடனே எல்லாவற்றையும் படகில் ஏற்றி ஆற்றைத் தாண்டி லவாலுக்குப் போய்த் தூக்கவைத்தார். குறை மறைந்துவிட்டது! ஆறு அதைக் கரைத்துவிட்டது என்று எழுதினார். மறுவாரம் உறுதிப்படுத்திக்கொள்ள மீண்டும் போனார். இம்முறை லவாலிலும் ஒன்று குறைந்தது. ஆகவே குறை படகில் ஏறிவிட்டது என்று திருத்தி எழுதினார். இரண்டு பயணங்களுக்கும் ஒரேயொரு வேறுபாடு இருந்தது. முதல்முறை, தண்ணீரைக் கண்டால் தலைசுற்றும் என்று, தூக்கல்களை எண்ணும் நிலைய எண்ணுநர் இக்கரையிலேயே நின்றுவிட்டார். அங்கே ஓர் உதவியாளர் எண்ணினார். இரண்டாம்முறை எண்ணுநர் மாத்திரை போட்டுக்கொண்டு படகில் வந்தார். காற்று, ஈரப்பதம், காலைச் சாப்பாடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த குணசீலன் இதை எடுக்கவில்லை. எண்ணுநர் ஒரு கருவி. கருவியைச் சந்தேகித்தால் அறிவியல் எங்கே போய் நிற்பது?

அந்தக் கருவியின் பெயர் நீக்கிலாப்பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர். கிழமை நாட்களில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் நிற்பார். பரிசோதனை நாட்களில் நிலையத்துக்கு வந்து, வாங்கின் தலைமாட்டில் குனிந்து நின்று உரத்த குரலில் எண்ணுவார். முழங்கை ஒரு நூல் வளைந்திருந்தாலும் அந்தத் தூக்கலை ஏற்கமாட்டார். எத்தனையோ தகப்பன்மார் அவரைத் தேநீருக்கு அழைத்துப் பார்த்தார்கள். அவர் தேநீரைக் குடித்துவிட்டு உள்ளதையே எண்ணினார். பணிப்பாளர் மதாம் பெலாஞ்சே அவரை 'மிசியூ நிக்கோலா' என்று அழைப்பார். இப்படி ஒரு பெயர் இருப்பவருக்குப் பிரெஞ்சு தாய்மொழியாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை.

இவ்வருட முதற்பரிசோதனைக்கு ரதீசன் வந்தான். மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் வளர்ந்தவன். தற்காப்பு வரிசையில் நிற்பவன். அதாவது, எதிரே வருபவனைத் தள்ளுவதே தொழில். மகன் வாசலில் நின்றால் வீட்டுக்குள் பகலிலும் லைற் போடவேண்டும் என்று தாயார் ஜெகதீஸ்வரி பெருமைப்படுவார். இந்த ஆண்டோடு அவனுக்குத் தெரிவுத் தகுதி முடிகிறது. இப்போது இல்லையென்றால் பிறகு இல்லை. தன் உடற்பயிற்சிக் கூடத்தில் அவன் எந்த நாளும் இருபது தூக்குவான். இருபத்தோராவது அவனுக்கு ஒருநாளும் எழும்பியதில்லை.

நிலையத்தில் அவன் தூக்கியது பத்தொன்பது.

"தம்பி, நீங்கள் தமிழ் ஆள்தானே?" ஜெகதீஸ்வரி குணசீலனை நடைவழியில் மறித்தார்.

"ஆமாங்க. சென்னை."

"அப்ப நான் கதைக்கிறது விளங்கும். இவன் வெளியில இருவது தூக்கிறவன். இஞ்ச வந்தாப் பத்தொம்பது. அந்த ஒண்டு எங்க போச்சு?"

"அதைத்தாம்மா நாலு வருஷமா ஆராய்ச்சி பண்றோம்."

"நாலு வருசமா? ஒண்டையா?"

"ஒண்ணுதாம்மா கஷ்டம். பத்து காணாமப் போயிருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருப்போம்."

ஜெகதீஸ்வரி குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அந்த எண்ணுற மனுசனிலதான் சந்தேகம். அவற்ற மகளின்ர கலியாண வீட்டுக்கு நாங்கள் போகேல்லை. அந்தக் கோவத்தை இப்பிடித் தீர்க்கிறார்."

"அம்மா, விடுங்கோ," என்றான் ரதீசன். "அவர் எல்லாருக்கும்தான் ஒண்டு குறைக்கிறார்."

"அப்ப ஒருத்தருமே கலியாணத்துக்குப் போகேல்லைப் போல."

"சாரைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்றார் குணசீலன் கடுமையாக. "அவர் இந்த நிலையத்தோட மனசாட்சி. வேணும்னா ஒருமுறை மறுபரிசோதனை கேக்கலாம். வர்ற சனிக்கிழமை. அன்னைக்குச் சாயங்காலம் அழைப்புப் பட்டியலை மூடிடுவாங்க."

"அண்டைக்கும் ஒண்டு குறைஞ்சா?"

"ஆய்வுக்கு அது ரொம்ப உதவியா இருக்கும்மா."

இடையில் ஒருநாள், வசுமதி ஆரஞ்சு வாங்கிவரச் சொன்னதால், குணசீலன் ஜான்-டலோன் சந்தைக்குப் போனார். வசுமதி அவருடைய மனைவி. அறிவியல் வரலாற்றில் அவருடைய பங்கு இந்த ஆரஞ்சோடு முடிகிறது. சந்தையின் உட்பகுதியில் ஒரு கடைமுன் மட்டும் நீண்ட வரிசை நின்றது. பக்கத்துக் கடைகளிலும் அதே பழம், அதே விலை. ஆனால் அங்கே ஈ காக்கை இல்லை. குணசீலனுக்கு இப்படி எதையாவது கண்டால் கால் நகராது. எதற்கும் காரணம் தெரியவேண்டும். வரிசையில் நின்று பார்த்தார்.

கடையில் நின்றவர் நீக்கிலாப்பிள்ளை. முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மையாருக்கு ஆறு ஆரஞ்சுப் பழங்களைப் பையில் போட்டார். "லாபம், ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு. இந்தாங்கோ, தங்கச்சி."

அடுத்தவர் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரப் பெண்மணி. அவரும் ஆறு கேட்டார். "லாபம்," என்று முதற்பழத்தைப் போட்ட நீக்கிலாப்பிள்ளை, "அன், தூ, த்ருவா, காத்ர், சாங்க், சீஸ்," என்று பிரெஞ்சில் எண்ணிப் பையைக் கொடுத்தார். பெண்மணி பையைத் தடவிப் பார்த்து, மிக வேகமாக நடந்து மறைந்தார்.

குணசீலன் பழங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அவருடைய முறை வந்தது.

"ஓ, டொக்டரோ! எத்தினை வேணும்?"

"பழம் இருக்கட்டும் சார். நீங்க முதல்ல என்னமோ சொன்னீங்களே?"

"என்ன சொன்னனான்?"

"லாபம்னு."

"ஓம். பின்ன? எடுத்த எடுப்பில ஒண்டு எண்டு தொடங்கினா வியாபாரம் உருப்படுமே? முதலாவதை லாபம் எண்டுதான் சொல்லவேணும். கடைக்காரருக்கு அது வாயிலயே கிடக்கும்."

"தமிழ்ல எண்ணும்போது லாபத்துக்கு அப்புறம் ரெண்டு வருதே. பிரெஞ்சுல எண்ணும்போது மட்டும் ஏன் லாபத்துக்கு அப்புறம் அன் வருது? அன்னா ஒண்ணு இல்லையா?"

நீக்கிலாப்பிள்ளை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, பிரெஞ்சுக்காரற்ற கணக்கு அன்-ல இருந்துதானே தொடங்கும். அவங்கட நாட்டில இருந்துகொண்டு அவங்கட ஒழுங்கை நாங்கள் மாத்தலாமே?"

"நிலையத்துலயும் இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"வேற எப்பிடி? முதல் தூக்கலுக்கு மெதுவா லாபம் எண்டுவன். பேந்து அன், தூ. பாவம் பிள்ளையள், நல்லா வரட்டும் எண்டுதான்."

எவ்வளவு எளிமை! எவ்வளவு அழகு! தமிழில் லாபம் என்பது ஒன்றின் நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அடுத்தது இரண்டு என்பதில் குழப்பமே இல்லை. பிரெஞ்சில் எண்ணும்போது அந்த நாற்காலியில் அன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. லாபம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. விளைவாக, சந்தையில் வாங்குபவருக்கு ஒரு பழம் கூடுகிறது. நிலையத்தில் தூக்குபவனுக்கு ஒரு தூக்கல் குறைகிறது. ஒரே வாய், ஒரே சொல். ஓரிடத்தில் தருமம், ஓரிடத்தில் திருட்டு. குணசீலன் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு ஆரஞ்சு கேட்டார், பிரெஞ்சில். ஏழு கிடைத்தது. பரிசோதனை உறுதியாயிற்று.

மறுநாள் காலை மதாம் பெலாஞ்சேயின் அறையில் அவர் கிட்டத்தட்டக் கூவினார். "மதாம், கண்டுபிடித்துவிட்டேன்!"

"எதை?"

"அந்த ஒன்றை!"

மதாமின் முகம், வீட்டில் சாவு விழுந்த செய்தி கேட்டவர் முகம்போல ஆனது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "யாருக்காவது சொன்னீர்களா?"

குணசீலன் எல்லாவற்றையும் விளக்கினார். விளக்குவதில் அவருக்கு இருந்த இன்பம் கொஞ்சமல்ல. மதாம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"லாபம் என்பது தமிழா? அவர் 'லா-பா' என்றல்லவா சொல்கிறார் என்று நினைத்தேன்! அங்கே, கீழே! தண்டைக் கீழே இறக்கு என்று பையனுக்குக் கட்டளையிடுகிறார் என்றல்லவா நினைத்தேன்! அவருடைய உச்சரிப்பைப் பாராட்டிக்கூட இருக்கிறேன்."

"ரொறன்ரோவிலிருந்து வந்த ஆங்கிலம் பேசும் அதிகாரிகளும் அதைப் பிரெஞ்சு என்றுதான் நினைத்திருக்கிறார்கள், மதாம்."

"நீங்கள் தமிழர்தானே? உங்களுக்கு ஏன் இத்தனை காலம் கேட்கவில்லை?"

குணசீலன் தலைகுனிந்தார். "நானும் பிரெஞ்சு என்றுதான் நினைத்தேன். எனக்கு விளங்காததால் வெட்கப்பட்டு மாலை வகுப்புக்குக்கூடப் போனேன்."

மதாம் கதவை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு மெல்லத் தொடங்கினார். "டொக்டர், இதைச் சொன்னால் என்ன நடக்கும்? இந்த ஆண்டுகளில் பத்தொன்பது என்று சொல்லி நாம் திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் வருவார்கள். வழக்கறிஞர்களோடு வருவார்கள். எல்லோரும் பெரிய ஆட்கள், டொக்டர். இந்தக் கதவுக்குள் அடங்கமாட்டார்கள்."

"உண்மைதான்."

"இன்னொன்று. ஒன்று கிடைத்துவிட்டால் ஒன்றுக்குறை ஆய்வுப் பிரிவு எதற்கு? பதினொரு பேர் என்ன செய்வார்கள்? தலைவர் என்ன செய்வார்?"

அறிவியல் மனம் என்பது விரிவடையக்கூடியது. குணசீலனின் மனம் அந்தக் கணத்தில் விரிவடைந்ததை மதாம் கண்ணாலேயே பார்த்தார். ரதீசனின் நினைவும் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. அதை அவர் 'தனிநபர் சார்ந்த தரவு' என்று வகைப்படுத்தி ஒதுக்கிவைத்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் விதிமுறைக்கு ஒரு திருத்தம் எழுதப்பட்டது. குணசீலனே எழுதினார். அவருடைய நடையின் தெளிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது: 'மொன்றியல் நிலையத்தில் முதல் தூக்கல் லா-பா தூக்கல் எனப்படும். அது தூக்கல் அன்று, தூக்கலுக்கு முன்னுரை. முன்னுரைக்கு மதிப்பெண் இல்லை.' இதில் சிறப்பு என்னவென்றால், எதையும் மாற்றத் தேவைப்படவில்லை. தவறு இருந்த இடத்திலேயே இருந்தது. விதி நடந்துவந்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டது. நீக்கிலாப்பிள்ளைக்கு இதுபற்றி எதுவும் தெரிவிக்கப்படவில்லை. கருவிகளுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை.

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் ஒரு வரிசைக் கதிரைகளில் கழகங்களின் தேர்வாளர்கள் ஒரே மாதிரியான மேற்சட்டைகளோடு அமர்ந்திருந்தார்கள். எதிர்வரிசையில் ஜெகதீஸ்வரி. கையில் தண்ணீர்ப் போத்தல். குணசீலன் தேர்வாளர்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத கதிரையைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

ரதீசன் கைகளில் வெண்தூளைப் பூசிக்கொண்டு படுத்தான். வாங்கு முனகியது. தண்டு நெஞ்சுக்கு இறங்கி மேலே ஏறியது.

"லாபம்," என்றார் நீக்கிலாப்பிள்ளை, வாழ்த்துகிற குரலில்.

"ஒண்டு," என்றார் ஜெகதீஸ்வரி, வாய்க்குள்.

அதன்பிறகு இரண்டு எண்ணிக்கைகள் ஒரே மண்டபத்தில் ஓடின. ஒன்று பிரெஞ்சில் உரத்து. மற்றது தமிழில் முணுமுணுப்பாக, எப்போதும் ஒரு படி முன்னால். பாதிவரை தண்டு இலேசாகத்தான் போய்வந்தது. பிறகு அதற்குத் தன் எடை நினைவுக்கு வந்துவிட்டது. ரதீசனின் கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒருமுறை தண்டு நடுவழியில் நின்று, போவதா வருவதா என்று யோசித்தது. அவனுடைய குதிகால்கள் நிலத்தை உழுதன. தாயாரின் முணுமுணுப்பு மெல்லப் பேச்சாகி, பேச்சு கத்தலாகியது. கடைசித் தூக்கலில் இடது கை நிமிர்ந்துவிட்டது. வலது கை நடுங்கி நடுங்கி, நூல் நூலாக ஏறி, நிமிர்ந்தது.

"இருவது!" என்று கத்தினார் ஜெகதீஸ்வரி.

"டிஸ்-நஃப்!" என்று முழங்கினார் நீக்கிலாப்பிள்ளை. பிரெஞ்சில் அது பத்தொன்பது.

ரதீசன் இன்னொன்றுக்கு முயன்றான். தண்டு இறங்கியது, ஏறவில்லை. இருபுறமும் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெகதீஸ்வரி போத்தலோடு வாங்கருகே வந்துவிட்டார். "அண்ணை, உங்களுக்குக் கண் தெரியாதோ? இருவது தூக்கினவன்!"

"தங்கச்சி, ஆறு வருசமா எண்ணுறன். என்ர எண்ணிக்கையில பிழை எண்டு ஒருத்தர் சொன்னதில்லை."

"இண்டைக்கு நான் சொல்லுறன். கலியாண வீட்டுக் கோவத்தை மனசில வச்சுக்கொண்டு—"

"கலியாண வீட்டுக்கு நீங்கள் வராததே எனக்கு இப்பதான் தெரியும்! இந்தாங்கோ, ரெண்டு பேரும் விரலை மடிச்சு எண்ணுவம். எங்க பிழை எண்டு காட்டுங்கோ." நீக்கிலாப்பிள்ளை கையை நீட்டிப் பெருவிரலை மடித்தார். "லாபம்." அடுத்த விரலை மடித்தார். "அன்." அதற்கடுத்த விரல். "தூ."

நிறுத்தினார். மடிந்திருந்தவை மூன்று விரல்கள். வாய் சொன்னது இரண்டு. யாரோ மறந்து விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தார்.

"ஐயோ, மாதாவே!"

அடுத்த நொடி அவர் மதாம் பெலாஞ்சேயின் மேசைக்கு ஓடினார். "மதாம், வான்! வான்!" பிரெஞ்சில் அது இருபது. "நான்தான் பிழை. பிள்ளை இருபது தூக்கிவிட்டான்!"

"மிசியூ நிக்கோலா, நீங்கள் பிழை விடவில்லை," என்றார் மதாம் இனிமையாக. திருத்தத்தை எடுத்து வாசித்தார். முன்னுரை, மதிப்பெண் இல்லை, எல்லாம்.

"மதாம், எண்ணினது நான். பிழை விட்டது நான். நானே சொல்கிறேனே!"

"உங்கள் நேர்மையை நிலையம் மதிக்கிறது. ஆனால் உங்கள் கருத்தைக் கேட்கும் நடைமுறை எதுவும் இல்லை."

நீக்கிலாப்பிள்ளை வாங்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் எண்ணி அனுப்பின பிள்ளையள்?" என்று தமிழில் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பதில் சொல்லக்கூடியவர் மண்டபத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் தன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

தேர்வாளர்களுள் ஒருவருக்கு ஐயம் வந்துவிட்டது. "அந்த முதற்சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?" என்று கேட்டார். "ஒன்று என்றால் பையனுக்கு இருபது. எங்கள் கழகம் அவனைப் பார்க்க விரும்பும்."

மதாம் சுற்றும்முற்றும் பார்த்து, பின்வரிசையைக் கண்டுபிடித்தார். "நல்லவேளை! அம்மொழி அறிந்த நிபுணர் நம்மிடமே இருக்கிறார். டொக்டர்?"

குணசீலன் எழுந்தார். மண்டபம் முழுவதும் அவரைப் பார்த்தது. ரதீசன் நெஞ்சு ஏறி இறங்க, வாங்கில் எழுந்து உட்கார்ந்து பார்த்தான். ஒரே ஒரு சொல் போதும். அதுவும் சின்னச் சொல். குணசீலன் தொண்டையைச் செருமினார்.

"லாபம் என்பது தொன்மையும் செழுமையும் வாய்ந்த ஒரு சொல்," என்று தொடங்கினார். "வணிகத்தில் அதற்கு ஒரு பொருள். சமூகவியலில் இன்னொன்று. பேசுபவரின் நோக்கம், கேட்பவரின் எதிர்பார்ப்பு, தண்டின் எடை ஆகிய மூன்றையும் கருத்தில் கொள்ளாமல், அவசரப்பட்டு அதை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் சுருக்குவது பொறுப்பற்ற செயல். இதற்கென மூன்றாண்டு ஆய்வு ஒன்றை நம் பிரிவு முன்மொழிகிறது. அதுவரை, நடைமுறையில் உள்ள விதியே செல்லும்."

கேட்ட தேர்வாளர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தோளைக் குலுக்கினார். எல்லோரும் பத்தொன்பது என்று பதிந்துகொண்டு எழுந்தார்கள். பட்டியல் மூடப்பட்டது. ரதீசனின் பெயர் அதில் இல்லை.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தபோது குணசீலன் வாங்கருகே வந்தார். கடமை உணர்ச்சி அவரை அப்படியே போகவிடவில்லை. "உங்க மகனோட பங்களிப்பு வீண்போகாதும்மா. புது ஆய்வுல முதல் எடுத்துக்காட்டே அவர்தான்."

ஜெகதீஸ்வரி நிதானமாக அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, லாபம் எண்டா என்னெண்டு எனக்கு இப்பதான் வடிவா விளங்குது. என்ர பிள்ளை வேர்த்து விறுவிறுத்துத் தூக்கின ஒண்டு அவனுக்கு நட்டம். அதை வச்சு உங்களுக்கு இன்னும் மூண்டு வருசம்."

"அப்படி உணர்ச்சிவசப்படக் கூடாதும்மா. இது சிக்கலான பிரச்சினை. ஆக்கபூர்வமா ஏதாவது தீர்வு தோணினா சொல்லுங்க, ஆய்வுல சேர்த்துக்கிறோம்."

ரதீசன் கையிலிருந்த வெண்தூளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"முதலாவதையும் எண்ணுங்கோ, அங்கிள்," என்றான்.